உன் அப்பா குடித்தது அதிமதுரம்

அதிமதுரம். உன் அப்பா குடித்தது அது ஒன்றைத்தான், மாதேசு. சாமந்திக்கு அடிக்கிற மருந்து டப்பா எதையும் அவர் தொடவே இல்லை. உன்னோடு போட்ட சண்டைக்காக அவர் சாகப் போகவில்லை. இதைப் போனில் சொல்லிவிடப் பலமுறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நீ, “அதான் ஒத்துக்கிட்டனேம்மா, அப்பாவப் பாத்துக்க” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மற்ற நேரமெல்லாம் போன் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை கோகிலா எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் என்பது நீ அறிந்ததுதான். படிப்பைப் பாதியில் விட்டவள் என்றாலும் அவள் எழுத்து நன்றாக இருக்கிறது. நான் பேச்சில் சொல்வதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்கிறாள். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஸ்டெல்லாவிடம் கட்டாயம் காட்டு. ஊரே பேசிய பேச்சு இது. ஊரே படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை இண்டூரில் உனக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். நீ புதன்கிழமை பூனாவில் ரயில் ஏறுவதாகச் சொன்னாயாம். எந்தப் பயத்தில் ஏறுகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று உன்னிடம் சொல்லாமல் இருந்தால், நானும் சேர்ந்து உன்னைப் பிடித்துத் தள்ளியதாகத்தான் ஆகும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி.

போன மழைக்காலம் முடிந்தபோது அப்பாவுக்கு வறட்டு இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, சும்மா தொண்டையைச் சொறிகிற மாதிரி ஓர் இருமல். தர்மபுரிக்குப் பூ கொண்டுபோன அன்று நாட்டு மருந்துக் கடையில் அதிமதுர வேர் வாங்கி வந்தார். தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது. இருமல் மட்டும் போகவில்லை. போகவில்லை என்பதால் இன்னும் கெட்டியாகக் காய்ச்சச் சொன்னார். காலை, மதியம், சாயங்காலம் என்று ஆனது. அதுவும் போதாமல் வேரை ஒடித்து மடியில் வைத்துக்கொண்டு மென்றுகொண்டே தண்ணீர் கட்டுவார். பீடியை விட்ட வாய்க்கு அந்த இனிப்பு ஒரு துணையாக இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். பீடி நாற்றத்துக்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அதற்கு மருந்து என்று யாரும் பேர் வைக்கவில்லை. இனிப்புத் தண்ணி என்போம். சுக்குக் காப்பி மாதிரி, மோர் மாதிரி அதுவும் ஒன்று.

மாசக்கணக்கில் இப்படிப் போனது. கணுக்கால் வீங்கியது, சேற்றில் நிற்பதால் என்று நினைத்தோம். பிரஷர் பார்க்கப் போன இடத்தில் ஏறியிருக்கிறது என்று சொல்லி, ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டியும் அடங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ மாரியம்மன் பண்டிகைக்கு வந்து, ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசை என்று சொன்னாய். அவர்களும் நம்மைப் போலக் காடு கழனி வைத்திருக்கிற குடும்பம்தான், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாய். அப்பா என்ன சொன்னார் என்பதை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. நீ இலையில் கை வைக்காமல் எழுந்து போனாய். அவர் உன் இலையை எடுக்க விடாமல் சாயங்காலம் வரை அப்படியே வைத்திருந்தார். கோபத்திலா, நீ திரும்பி வருவாய் என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் காலையில் மோட்டார் ரூமுக்கு டீ கொண்டுபோனேன். கதவில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் கை கொடுத்தும் முடியவில்லை. “காலு என்னுதில்லாத மாதிரி இருக்குதுடி” என்றார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மூன்று அடி அடித்து ஒரு அடி நின்று மறுபடி அடித்தது. நான் போட்ட சத்தத்தில் உன் மாமா ஓடி வந்தான். உள்ளே அலமாரியில் சாமந்திக்கு வாங்கிய டப்பாக்கள் வரிசையாக இருக்கும் அல்லவா, மாமா முதலில் பார்த்தது அவற்றைத்தான். பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். என் தம்பி அப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்ததும் பிரஷர் பார்த்த நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னாள். அவ்வளவு இருந்ததாம். பிறகு என்னைப் பார்த்து, “வூட்ல மருந்து ஏதாச்சும் குடிச்சாராம்மா?” என்று கேட்டாள். மாதேசு, நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ் வரும், கேஸ் ஆகும், ஊர் சிரிக்கும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. “ஐயோ சாமி சத்தியமா இல்லீங்க, அவரு அப்படிப்பட்ட ஆளே இல்லீங்க” என்றேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டது நாட்டு மருந்தையாம். கஷாயம், லேகியம், சூரணம் என்று ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அது காதில் விழவே இல்லை. விழுந்தது வேறு.

நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்டாய். செடிக்கு அடிப்பதும் மருந்து, எனக்குக் கொடுப்பதும் மருந்தா, அப்புறம் ஏன் அந்த டப்பாவில் மண்டை ஓடு போட்டிருக்கிறது என்று. வாயை மூடிக்கொண்டு குடி என்று அதட்டினேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு இவ்வளவு வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வராந்தா தேவைப்பட்டிருக்கிறது.

ரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு சத்து மிகவும் குறைந்துவிட்டது என்று பாட்டிலில் ஏற்றினார்கள். ஏற்றிப் பார்த்தால் கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. ஏன் இறங்குகிறது என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இதயத் துடிப்பு இப்படியே தப்பிக்கொண்டிருந்தால் சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், வழியில் எதுவும் ஆகலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். எங்களுக்கும் ஏன் என்று தெரியவில்லை. ஆனால் காரணம் கட்டிலுக்குக் கீழேயே பிளாஸ்கில் இருந்தது. கையில் ஒரு பக்கம் ஊசி ஏற, இருமல் வரும்போதெல்லாம் அப்பா இனிப்புத் தண்ணி கேட்பார், கோகிலா ஊற்றிக் கொடுப்பாள். வீட்டிலிருந்து நான்தான் காய்ச்சி அனுப்பச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் அவள் ஊற்றிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா வந்தார். என்ன அது என்று கேட்டார். ஒன்றுமில்லை, இருமலுக்குக் கொஞ்சம் தண்ணி என்று நான் முந்திக்கொண்டேன். அவர் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்து கோகிலா பேசினாள். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் திறக்காத பிள்ளை என்று உனக்குத் தெரியும். “அதிமதுரம்ங்க. மூனு வேளையும் குடிப்பாருங்க. வேரையும் மெல்லுவாருங்க” என்றாள். இதை எழுத வேண்டாம் என்கிறாள். நான் எழுதச் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நர்ஸைப் பார்த்து, “இவரு மருந்து குடிச்சிருக்காரு. இதுதான் காரணம். கேஸ் ஷீட்ல எழுதுங்க” என்றார். வார்டு வாசலில் நின்றிருந்த உன் மாமாவின் காதில் மூன்றே சொல்தான் விழுந்தது. மருந்து, குடிச்சிருக்காரு, கேஸ். அவன் வெளியே போய் உனக்குப் போன் போட்டுவிட்டான்.

அவன் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் மிச்சத்தையும் கேட்டிருப்பான். டாக்டரம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அதிமதுரத்தின் இனிப்பில் ஒரு சத்து இருக்கிறதாம். அது உடம்பில் சேரச் சேர, வெளியே போக வேண்டிய உப்பும் தண்ணீரும் உள்ளேயே தங்கிவிடுமாம். ரத்தக் குழாய்கள் இறுகிப்போகுமாம். பொட்டாசியம் மட்டும் மூத்திரத்தில் போய்க்கொண்டே இருக்குமாம். அது குறைந்தால் கை கால் துவளும், இதயம் தாளம் தப்பும். அப்பா விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “உங்க சொட்டுநீர்ப் பைப்புல கேட்வால்வ மூடிட்டு மோட்டாரப் போட்டா என்னாவுங்க?” என்று கேட்டார். பைப் வெடிக்கும் என்றார் அப்பா. அதைத்தான் இத்தனை நாளாக உடம்புக்குள் செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். அவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையில் ஒன்று சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்குமாம். இருமலே அதனால் வந்திருக்கலாம், அதை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். மாற்றினார்கள். இருமல் நின்றுவிட்டது. மாத்திரையால் வந்த இருமலுக்கு, மாத்திரையின் வேலையைக் கெடுக்கிற கஷாயத்தை நாங்கள் மூன்று வேளையும் ஊற்றியிருக்கிறோம்.

அதிமதுரம் கெட்டதா என்று கேட்டேன். கெட்டதில்லை, தொண்டை கட்டினால் சில நாளைக்குக் குடிக்கலாம், பிரஷர் இருக்கிறவர் மாசக்கணக்கில் குடிக்கக் கூடாது என்றார். பூண்டு, மருதம்பட்டை என்று நாம் கைக்கு வந்தபடி எடுத்துக்கொள்கிற பலதும் ரத்தக் குழாயில் வேலை செய்யக்கூடியவைதானாம். வேலை செய்வதால்தான் சொல்ல வேண்டும், சும்மா கிடக்கிற தண்ணீராக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். உனக்கும் சொல்கிறேன். உன் உடம்பு அவர் உடம்புதான். வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரஷர் பார். டாக்டர் கேட்டால், வாயில் போடுகிற எல்லாவற்றையும் சொல். மருந்தா இல்லையா என்பதை நீ முடிவு செய்யாதே.

இப்போது உன் போனுக்கு வருகிறேன். அன்று மதியம் பொட்டாசியத்துக்கு நல்லது என்று டாக்டரம்மா சொன்ன இளநீரை நான் அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ போன் செய்தாய். அவர் காதில் வைத்திருந்தும் உன் அழுகை எனக்குக் கேட்டது. உங்கள் இஷ்டப்படியே செய்கிறேன், இண்டூர்ப் பெண்ணையே பாருங்கள், இப்படியெல்லாம் பண்ணாதீங்கப்பா என்றாய். எப்படியெல்லாம் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. கேட்க வாயைத் திறந்தார். பிறகு விளங்கியது. விளங்கிய அந்த நொடியை நான் அவர் முகத்தில் பார்த்தேன். “சரி சாமி” என்றார். உடனே வருகிறேன் என்றாய். “வேண்டாம், நல்லாயிட்டேன். பாக்கு மாத்தறப்ப வந்தாப் போதும்” என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து போன் அவர் பையில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள், பையன் வேறு எதையோ நினைத்துக்கொண்டு அங்கே செத்துச் செத்துப் பிழைக்கிறான் என்றேன். அவர் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டே, “நான் என்ன பொய்யா சொன்னேன்? மருந்து குடிச்சேன்னு நெனச்சுக்கிட்டான். குடிச்சேன்தான? அதிமதுரமும் மருந்துதான்னு டாக்டரம்மாவே சொல்லுச்சு” என்றார்.

“அவன் வேற மருந்துன்னுல்லங்க நெனச்சுக்கிட்டான்.”

“அது அவன் நெனப்பு.”

சோறு நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கிற உன் பெரியம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எழுதலாமா என்று நேற்று அவளிடம் ஆள் மூலம் கேட்டனுப்பினேன், எழுது என்றாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்ன அன்று, எங்கள் அப்பா கொல்லையிலிருந்து மருந்து டப்பாவை எடுத்து வந்து நடுவீட்டில் நின்றார். ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றார். அக்கா தலையை ஆட்டினாள். டப்பா கொல்லைக்குப் போனது, கல்யாணம் நடந்தது. பெரியப்பா நல்ல மனிதர், உனக்கும் தெரியும். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா அதன் பிறகு எங்கள் அப்பா இருக்கிற அறைக்குள் வந்து உட்கார்ந்ததே இல்லை. அவர் இறந்த அன்று வந்தாள். அழவில்லை. தலைமாட்டில் குனிந்து, “அன்னிக்கு நெசமாவே குடிச்சிருப்பியா?” என்று கேட்டாள். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இத்தனை வருஷமும் அந்த ஒரு கேள்வியோடுதான் அவள் குடித்தனம் செய்திருக்கிறாள். நீ அப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வாழ எனக்குச் சம்மதம் இல்லை.

ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை, கவனி. அந்தப் பெண்ணை நான் ஒரு போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கே மனசு இன்னும் முழுதாக வரவில்லை. நாளைக்கு உன் பிள்ளைக்கு எங்கே மொட்டை அடிப்பார்கள் என்பது மாதிரி அற்பமான கவலைகள்தான், ஆனால் கவலைதான். அவளை விட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொள்ள உனக்கே மனசு வந்தால் வா, சந்தோஷமாக வெற்றிலை பாக்கு மாற்றுவோம். பயந்துகொண்டு மட்டும் வராதே. இண்டூர்ப் பெண்ணையும் நினைத்துப் பார். அவளும் ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்தவள். உன் அப்பாவின் உயிரைக் காப்பாற்ற அவள் எதற்காக உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்? நீ வரவில்லை என்றால் அவர்கள் வீட்டுப் படியேறி நானே சொல்லிவிட்டு வருகிறேன். திட்டுவார்கள். திட்டட்டும்.

இதுவரை எழுதியதைத் தபாலில் போட்டுவிடலாம் என்று கோகிலா மடித்துக்கொண்டிருந்தாள். பால் ஊற்றப் போன அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டார். ஒளித்து வைப்பாள் என்று நினைத்தேன். “அண்ணனுக்குப்பா” என்றாள். படி என்றார். நாலு பேர் முன்னால் பேர் சொல்லக் கூசுகிறவள், சுவரைப் பார்த்துக்கொண்டு, இலையைப் பற்றி, செருப்பு வாரைப் பற்றி, பெரியம்மாவைப் பற்றி, ஒரு சொல் விடாமல் படித்தாள். கையை ஓங்குவார் என்று நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் நகரவே இல்லை. பெரியம்மா கேட்ட கேள்வி வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

முடிந்ததும், “இது போச்சுன்னா அவன் வரமாட்டான்” என்றார். வராவிட்டால் வராமலே இருக்கட்டும் என்றேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். வெகு நேரம் கழித்து வந்தார். “மொத வரியிலயே ‘அப்பா மருந்து குடிச்ச விஷயம்’னு எழுதியிருக்கற. அவன் அதுக்கு மேல படிக்கவே மாட்டான், பயந்துக்குவான். அதிமதுரம்னு மொதல்ல போடு, பாப்பா” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். தபால் போய்ச் சேர்வதற்குள் நீ ரயில் ஏறிவிடுவாயாம், போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னார்.

கோகிலா முதல் தாளை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறாள். ஸ்டெல்லா விஷயத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சம்மதம் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. அதை நீதான் அவரிடம் கேட்க வேண்டும். போன் இனி என்னிடம் இருக்கும். கூப்பிடு, அவரிடம் கொடுக்கிறேன். அழாமல் பேசு. சண்டை போட வேண்டி வந்தால் நன்றாகவே போடு. நேற்றுப் பார்த்ததில் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது.